துட்டி வீட்டுக்குப் பதினேழாம் நாள் யார் போவது?

தம்பி நீளமாக எழுதியிருந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. சபையின் கோவிலுக்கு எதிர்த்தெருவில் ஓர் இந்துக் குடும்பம். போன மாதம் அந்த வீட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் தற்கொலையில் இறந்துபோனான். வாலிபர் சங்கத்திலிருந்து ஆறு பேர் பைபிளோடு ஜெபம் பண்ணப் போயிருக்கிறார்கள். பையனின் அப்பா வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம் தம்பி, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நம்மைச் சுற்றி இத்தனை பேர் காயப்பட்டுக் கிடக்கிறார்களே, சபை அவர்களிடம் எப்படிப் போவது, என்ன திட்டம் போடலாம், மறுபடி போனால் பைபிள் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

திட்டம் என்று கேட்டாலும் நீங்கள் கேட்பது அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல மனசோடுதானே போனோம், அப்புறம் ஏன் அந்த மனிதர் கும்பிட்டு அனுப்பினார் என்பதுதான் உங்களை உறுத்துகிறது. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 22 வருஷம் நோயாளிகளோடு பேசும் ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவள். டாக்டர் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. கட்டில் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பதும், சாவு விழுந்த குடும்பத்தோடு வராந்தாவில் நிற்பதும்தான் வேலை. அதில் கற்றதை வைத்துச் சொல்கிறேன். எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்று அங்கங்கே பிரித்தும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அப்பாவின் மனசுக்குள் என்ன ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் இடத்தில் நின்று பாருங்கள். ஆறு பேர், ஆறு பைபிள். நம் மாவட்டங்களில் சபையின் சரித்திரமே பஞ்சத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1876ல் தொடங்கி 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனரிகள் நிவாரணம் கொடுத்தார்கள், அதையொட்டிய வருஷங்களில் பல்லாயிரம் பேர் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விசுவாசத்துக்காக வந்தார்கள், எத்தனை பேர் சாதிக் கொடுமை தாங்காமல் வந்தார்கள், எத்தனை பேர் பசிக்காக வந்தார்கள் என்று இன்றைக்கு உட்கார்ந்து பிரிக்க முடியாது, ஆனால் "அரிசிக் கிறிஸ்தவன்" என்ற ஏளனம் மட்டும் நிலைத்துவிட்டது. 2002ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004ல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. இதே சரித்திரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஷனரிப் பெண்கள் தொடங்கிய பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். ஆக, உங்கள் ஆறு பேரும் வெறும் ஆறு பேராக அந்த வாசலில் நிற்கவில்லை. நூற்றைம்பது வருஷத்து நல்லதும் பொல்லாததும் உங்கள் பின்னால் வந்து நின்றது. அவர் கும்பிட்டது அதைப் பார்த்தும் இருக்கலாம். அல்லது அன்றைக்கு அவருக்கு யாரோடும் பேசத் தெம்பில்லாமல், அவ்வளவுதான், அப்படியும் இருக்கலாம்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் இதைவிட நல்லதை வைத்திருப்பார்மா" என்றேன். அவள் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, "பிள்ளைக்கு முடி இருந்துச்சா தாயி?" என்று கேட்டார். அந்தப் பெண் திரும்பினாள். சுருட்டை முடியாம், மூக்கு அப்பா மாதிரியாம், விரல் மட்டும் நீளம் நீளமாக இருந்ததாம். சொல்லச் சொல்ல அழுதாள். எனக்குச் சான்றிதழ் கொடுத்துப் படிப்பித்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தந்திருக்கவில்லை.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்த யோபுவின் சிநேகிதர்களை நாம் பிரசங்கத்தில் எப்போதும் திட்டித்தான் பழக்கம். ஆனால் இரண்டாம் அதிகாரக் கடைசி வசனத்தைப் பாருங்கள், ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "தேவ சித்தம்", "அவன் நல்ல இடத்தில் இருக்கிறான்", "இதற்கும் ஒரு நோக்கம் உண்டு", "நீங்க அழுதா அம்மாவ யாரு பார்ப்பா, தைரியமா இருங்க" இவையெல்லாம் சொல்பவரின் தவிப்பை ஆற்றுகிற வார்த்தைகள், கேட்பவரின் தவிப்பை அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011ல் மனநல முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்தான்: பார், கேள், தொடர்புபடுத்து. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே என்றும் அதில் இருக்கிறது. "மனசுல இருக்கிறத கொட்டிடுங்க அங்கிள், பாரம் குறையும்" என்று பிடித்து உட்காரவைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யலாம். பேச வந்தால் கேளுங்கள். பேசாவிட்டால் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள், அதுவும் துட்டி கேட்டதுதான், துக்கம் விசாரித்ததுதான்.

அடுத்து, இந்த மாதிரிச் சாவில் குடும்பம் என்னவெல்லாம் சுமக்கிறது என்று சபையில் நிறையப் பேருக்குத் தெரியாது. தற்கொலை என்றால் போலீஸ் விசாரணை கட்டாயம்; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, இப்போது புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு. பிரேதப் பரிசோதனை உண்டு. திருமணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் வரும். பெற்ற அப்பா ஜிஹெச் பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்பார், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போடுவார். உடலைக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது என்று தெரியாமல் தனியார் வண்டிக்குக் கேட்டதைக் கொடுப்பார். அங்கே ஒரு ஃபிளாஸ்க் டீயோடு, செல்போன் சார்ஜரோடு, விவரம் தெரிந்த ஒருத்தர் கூட நின்றால் அதைவிடப் பெரிய ஊழியம் எனக்குத் தெரியாது. அப்புறம் இறப்புச் சான்றிதழ். இறந்தது வீட்டுக்காரர் என்றால் வாரிசுச் சான்றிதழ், பேங்க், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனு. இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நாலு தடவை அலையாமல் முடியாது. உங்கள் சபையில் ரிட்டயர்டு ஆன கிளார்க், வாத்தியார், வி.ஏ.ஓ. யாராவது கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்குப் பாட்டுப் பாட வராது, ஜெபம் பண்ணச் சொன்னால் கூச்சப்படுவார்கள், ஆனால் மனு எழுத வரும். உங்கள் சபையில் யாரும் கண்டுகொள்ளாத வரம் அதுதான் என்பேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். துட்டி வீட்டில் முதல் மூன்று நாள் கூட்டம் நெரியும். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மறுபடி எல்லோரும் வருவார்கள். பதினேழாம் நாள் காலையில் பந்தல்காரன் கம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவான், வாடகை நாற்காலி போய்விடும், அண்ணன் தம்பி எல்லாம் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். வீட்டில் இரண்டு பேர், நடுவில் ஒரு போட்டோ. ஆஸ்பத்திரிக்கு மறுபடி வருகிற குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான், "அதுக்கப்புறம் யாரும் வரலைம்மா." இரண்டாம் மாதம், நான்காம் மாதம், செத்துப்போன பையனின் பிறந்தநாள், அவனோடு படித்தவர்களுக்கு ரிசல்ட் வருகிற நாள், தெருவெல்லாம் வெடி வெடிக்க இந்த வீட்டில் மட்டும் பலகாரம் சுடாத முதல் தீபாவளி. அந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் இருப்பதில்லை. சபை செய்யக்கூடியது என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது. தொண்டு நிறுவனம் திட்டம் முடிந்தால் போய்விடும், கவுன்சலர் ஐந்து தடவை பார்ப்பார், அரசு ஊழியருக்கு மாற்றல் வரும். சபை மட்டும் அதே தெருவில், அதே ஆட்களோடு, ஐம்பது வருஷம் இருக்கும். பணம் இல்லாத சபைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்.

அதற்குத் திட்டமெல்லாம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், சாவு நடந்த தேதி, யார் போவது, அடுத்து எப்போது. ஐந்து வீட்டுக்குமேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், அவர்களும் மாறக்கூடாது. மாதம் ஒருமுறை கால் மணி நேரம். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதா? எருசலேமின் ஆதிச் சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போய் முறுமுறுப்பு உண்டாகி, அதைக் கவனிக்கவென்றே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மாதிரி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் பங்குச் சாமியார்களும் ஊர்க்காரர்களும் முதலில் செய்தது, எந்தப் படகில் யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று பெயர் பெயராக எழுதியது. எத்தனை பேரைக் காணவில்லை என்பதில் அரசாங்கக் கணக்குக்கும் ஊர்க் கணக்குக்கும் தகராறு வந்தபோது அந்தப் பட்டியல்தான் பேசியது. உடல் கிடைக்காத வீடு அது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கும் பெண்ணுக்கு ஆறுதல் வசனத்தைவிடத் தன் புருஷன் பெயர் ஒரு தாளில் சரியாக எழுதப்பட்டிருப்பது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நோட்டு என்றவுடன் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். "சகோதரி இன்னாருடைய வீட்டுக்காரர் வேறு தொடர்பில் இருக்கிறார், பாரத்தோடு ஜெபிக்கவும்" என்று ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊரெல்லாம் வம்பு பரவுவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அடுத்தவர் கஷ்டத்தைச் சொல்லி ஜெபிப்பதும் அதே கதைதான். அரிசிப் பை கொடுக்கும்போது போட்டோ, குணமானவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது, எல்லாமே அந்த மனிதர் உங்களை நம்பிக் கொடுத்ததைச் சபையின் கணக்கில் வரவு வைப்பதுதான். உங்களிடம் சொன்னது உங்களோடு. ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்வதென்றாலும் அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் ரகசியத்துக்கும் எல்லை உண்டு, அது சட்டத்திலேயே இருக்கிறது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை. செய்தது சபை மூப்பராக இருந்தாலும், ஞாயிறுபள்ளி வாத்தியாராக இருந்தாலும் "நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம்" என்பதற்கு இடமே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரும் கூப்பிடலாம். அடிபட்டு வரும் பெண்ணிடம், "பொறுத்துப் போம்மா, உன் ஜெபம் அவரை மாற்றும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் எனக்கு அதே வரிசையில்தான் வரும். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சமரசம் பேசப் புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்காரவைத்தால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள், சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழும்.

தற்கொலை பற்றிச் சபையிலும் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. நமக்குள் இன்னும் "அது மன்னிக்கப்படாத பாவம், அடக்க ஆராதனை கிடையாது, மணி அடிக்கக்கூடாது" என்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்றால், 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் தன்னுயிரைத் தானே மாய்த்தவருக்கு இந்த அடக்க முறைமையைப் பயன்படுத்தக்கூடாது என்று குறிப்பு இருக்கிறது. கத்தோலிக்கரின் 1917 திருச்சபைச் சட்டமும் மறுத்தது. 1983ல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வியும், கடுமையான மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்கிறது. மன்னிக்கப்படுமா படாதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, எந்த ஐயருக்கும் இல்லை என்பது என் எண்ணம். உறுதியாகச் சொல்லக்கூடியது, நீங்கள் கோவிலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசுவதை, அதே நினைப்போடு உள்ளுக்குள் போராடிக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வேறு ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது. அவள் உங்களிடம் வாய் திறப்பதும் திறக்காததும் அந்தப் பேச்சைப் பொறுத்தது.

தற்கொலை நடந்த வீட்டில் கூடப்பிறந்தவர்களுக்கும் அம்மாவுக்கும் நெருங்கிய சிநேகிதர்களுக்கும் ஆபத்து கூடுதல். இது ஆராய்ச்சிகளில் நன்றாக நிலைபெற்ற விஷயம். அதனால் கேட்கப் பயப்படாதீர்கள். "உங்களுக்கும் செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, இதுவும் ஆராய்ந்து பார்த்த முடிவுதான். ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், வசனம் சொல்லாமல், தனியாக விடாமல் இருங்கள். வீட்டில் கிடக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸ் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசும். ஜிஹெச்சில் மனநலப் பிரிவு இலவசம், கூட நீங்களே போங்கள். முயற்சி செய்து பிழைத்தவர் என்றால் குடும்பம் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே வராமல் இருப்பதும் உண்டு. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்வது நடைமுறை, ஆனால் 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கச் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. இதை எடுத்துச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாலே ஓர் உயிர் பிழைக்கும்.

குடியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் பக்கம் குடிக்காரரைக் கூட்டிவந்து மூன்று நாள் கோவிலில் அடைத்து உபவாச ஜெபம் வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் அளவுக்குமீறிக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு நடுங்கி, வேர்த்து, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றலாம். பிசாசு புறப்பட்டுப் போகிறது என்று சுற்றி நின்று சத்தமாக ஜெபிப்பார்கள், அவர் செத்துக்கொண்டிருப்பார். அது மருத்துவ அவசரம், உடனே ஆஸ்பத்திரி. அப்படி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், எல்லோரும் பிழைக்கவில்லை. முதலில் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தட்டும், பிறகு ஜெபம் எத்தனை நாள் வேண்டுமானாலும் வையுங்கள். வலிப்புக்கும் மனநோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவரை "விசுவாசம் இருந்தால் நிறுத்து" என்று சொல்வதும் இதே ரகம். சபையால் ஆகக்கூடிய உருப்படியான வேலை வேறு இருக்கிறது, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஞாயிறுபள்ளி அறையை, குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவுக்குத் திறந்து விடுங்கள். 1935ல் அமெரிக்காவில் ஆரம்பித்த இயக்கம், கிறிஸ்தவ மண்ணில் முளைத்ததுதான், ஆனால் எந்தச் சபையோடும் சேராமல் வெளியார் பணத்தை வாங்காமல் நடக்கும். அறையைத் திறந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், நடுவில் போய்ப் பிரசங்கம் பண்ணக்கூடாது. நம் ஆட்களுக்கு இந்த ஒதுங்குவதுதான் கஷ்டம்.

இன்னொன்று, எதிர்த்தெருவைப் பார்க்கும்போது கோவில் காம்பவுண்டுக்குள்ளும் பாருங்கள். சாதி பார்த்துத் தனிக் கல்லறை, கல்லறைக்கு நடுவில் சுவர், திருவிழாத் தேர் இந்தத் தெருவுக்கு வராது என்கிற வழக்கம், இவை தமிழ்நாட்டில் பல இடங்களில் இருந்திருக்கின்றன, எல்லாம் ஒழிந்துவிடவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவால் பட்டியல் சாதிச் சலுகையும் கிடையாது, சபைக்குள் சம மரியாதையும் முழுசாகக் கிடையாது. சபையே காயப்படுத்திய ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் ஒதுக்கப்பட்டவள், கமிட்டித் தேர்தல் சண்டையில் கோவிலுக்கு வருவதை நிறுத்தியவர். நோட்டின் ஐந்து பெயரில் இரண்டு பேராவது இவர்களாக இருக்கட்டும். அங்கே ஆறுதலுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், அதைக் கமிட்டி சார்பில் கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் நீங்களாவது கேளுங்கள்.

சரி, எனக்கே தீராத ஒரு கேள்வி. உள்ளுக்குள் "இவர்கள் இரட்சிக்கப்படவேண்டும்" என்ற ஆசையோடு போகும் ஒருவர், அதை மறைத்துக்கொண்டு வெறும் அன்புக்காக வந்தேன் என்று சொல்வது நேர்மையா? என் கூட வேலை பார்த்தவர்களில் சிலர், ஆசை இருக்கட்டும், அதைத் துக்கத்தில் இருப்பவரிடம் பயன்படுத்தாதே என்பார்கள். சிலர், சுவிசேஷம் சொல்லாத அன்பு அரைகுறை என்பார்கள். நான் முதல் பக்கம். நொறுங்கிக் கிடப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் அவர் சொல்லும் சரி, சரி ஆகாது. உங்களுக்குள் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வீடு கடைசிவரை கோவில் வாசலை மிதிக்காது என்று இன்றைக்கே தெரிந்தால், நான்காம் மாதமும் போவீர்களா? இல்லை என்று மனசு சொன்னால் தப்பில்லை, ஆனால் அப்போது வேறு யாரையாவது அனுப்புங்கள். இப்படிப் போவதால் சபை வளருமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் சில வீடுகள் பொங்கலுக்குக் கரும்பு அனுப்பும், கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு எதிர்பார்க்கும், அதோடு சரி. ஆராதனைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு.

இனி அந்த அப்பா. ஆறு பேர் போகாதீர்கள். நீங்களும் உங்கள் அப்பா வயதில் ஒருத்தரும், இரண்டு பேர் போதும்; பையன் படித்த கல்லூரியில் படித்தவர் உங்கள் சபையில் இருந்தால் அவர் இன்னும் நல்லது. வாசலிலேயே நின்று, "அன்னைக்கு நாங்க அப்படிக் கூட்டமா வந்திருக்கக்கூடாது அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், சொல்லாவிட்டால் அப்படியே வந்துவிட்டு அடுத்த மாதம் அதே தேதிக்குப் போங்கள். மகன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எல்லோரும் அந்தப் பெயரை மறைத்துப் பேசிப் பேசி அவனை இரண்டாம் தடவை இல்லாமல் ஆக்கியிருப்பார்கள். குருடனான பர்திமேயுவிடம்கூட இயேசு, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். அதனால் நீங்களும் கேளுங்கள். கல்லூரியில் கட்டிய ஃபீஸைத் திரும்ப வாங்க வேண்டும் என்பாரோ, பையனின் பைக்கை விற்கவேண்டும் என்பாரோ, ஒன்றும் வேண்டாம் தம்பி என்பாரோ. பைபிள் எடுத்துப் போகலாமா என்றால், வண்டி டேங்க் கவரில் இருக்கட்டும். அவர் கேட்டால் எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது.